நின்று பழகிய கால், தொட்டுப் பழகிய கை

தாய் சீ ஆசிரியராக விரும்புபவருக்குப் பல மரபுகளில் முதல் பாடம் சும்மா நிற்பது. முழங்கால் சற்றே மடங்க, மரத்தை அணைப்பதுபோல் கைகளை வளைத்து நிற்கும் ‘ஜான் ஜுவாங்’ நிலை, சீகோங் என்னும் சீன மூச்சுப் பயிற்சிக்கும் பொதுவானது. சில நிமிடங்களிலேயே தொடை நடுங்கும்.

சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்தில் சென் குடும்பம் காத்துவந்த கலை தாய் சீ. வெளியாளான யாங் லூச்சான் (1799–1872) சென் சாங்சிங்கிடம் பல ஆண்டுகள் கற்று, பின்பு பெய்ஜிங்கில் ஆசானானார். ஒளிந்திருந்து பார்த்தே கற்றார் என்பது சுவையான கதை, அவ்வளவே.

1956இல் வந்த 24 அசைவுத் தொகுப்பைச் சில மாதங்களில் மனப்பாடம் செய்துவிடலாம். கற்பிக்க அது போதாது. இருவர் மணிக்கட்டு ஒட்டித் தள்ளிப் பழகும் ‘துய் ஷோ’வில்தான், எதிராளியின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதைத் தோல் அறிகிறது. அப்படிப் பழகிய விரல், மாணவரின் தோளைத் தொட்டதுமே இறுக்கத்தைக் கண்டுபிடித்துவிடும்.