படகில் குடித்தனம்

நம் சினிமாவில் தாலி கட்டியதும் 'வணக்கம்' போட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ழான் விகோ என்ற பிரெஞ்சுக்காரர் 1934-ல் எடுத்த 'லாதலாந்த்' கல்யாண ஊர்வலத்தில்தான் ஆரம்பிக்கிறது. மாதா கோயிலிலிருந்து கிளம்பும் மணமக்கள் வயல்வெளி வழியாக விடுவிடுவென்று நடந்து நேரே ஒரு சரக்குப் படகில் ஏறிவிடுகிறார்கள். பின்னால் வரும் உறவுக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்தோமா காரியத்துக்கு வந்தோமா என்கிற முகத்தோடு நடக்கிறார்கள். மாப்பிள்ளை அந்தப் படகின் தலைவன். பெண், ஊர் எல்லையைத் தாண்டாத பட்டிக்காட்டுப் பெண். இனி வீடு, வாசல், திண்ணை எல்லாம் படகுதான். (கணவன் பெயரும் ழான், டைரக்டர் பெயரும் ழான். குழப்பம் வேண்டாமே, கணவன் மனைவி என்றே சொல்கிறேன்.)

இந்தப் படத்தைப் போன மாதம், குன்றத்தூரில் எங்கள் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட்டில், லேப்டாப்பில் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். பக்கத்தில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அதுல பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள்.

சிரிக்காதீர்கள். படகுக் காதல் என்றால் நமக்கு ஷிகாரா, துடுப்பு, பின்னணியில் பனிமலை, ஒரு டூயட். அந்தப் படகில் யாரும் குடியிருப்பதில்லை, பாட்டு முடிந்ததும் இறங்கிவிடுவார்கள். பாரதிதாசன் பக்கிங்காம் கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் போனதைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். அழகான பாட்டுதான், ஆனால் அவரும் பயணி. படகில் குடித்தனம் நடத்துவது வேறு விஷயம், அதற்கு பாத்ரூம் தேவை. விகோ அதை மட்டும் காட்டவில்லை. மற்ற எல்லாவற்றையும் காட்டுகிறார்.

ஒரு நாளைக்கு அந்தப் படகில் என்ன நடக்கிறது? புது மணத் தம்பதியின் கட்டிலில் பூனை குட்டி போட்டுவிடுகிறது. படகு நிறையப் பூனைகள், கிழவர் ழூல் வளர்ப்பவை. மனைவி விரிப்பை மாற்றப்போய் அலமாரியைத் திறந்தால், அதில் திணித்து வைத்த அழுக்குத் துணி மலை மாதிரி சரிகிறது. ஆம்பிளைகள் மட்டும் இருந்த படகு, வேறு எப்படி இருக்கும்? அவள் துவைக்கக் கிளம்புகிறாள். கிழவருக்கு ரோஷம் வந்துவிடுகிறது, 'என் அழுக்கு என் உரிமை' என்கிற மாதிரி. தையல் மெஷினில் ஒரு பாவாடை தைத்து, அளவு பார்க்க அதைக் கிழவருக்கே கட்டிவிடுகிறாள். மீசையும் பச்சை குத்திய உடம்புமாக அவர் பாவாடையில் ஆடுகிறார். கதை என்று ஒன்றும் நகரவில்லை. படகு மட்டும் கால்வாயில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேல்தளத்தில் கொடி கட்டித் துணி காய்கிறது.

இந்த இடங்கள்தான் படத்தின் உயிர் என்பேன். 1933-34 குளிர்காலத்தில் நிஜப் படகில், நிஜக் கால்வாயில் எடுத்தது. போரிஸ் காஃப்மன்தான் ஒளிப்பதிவு. பின்னாளில் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்'டுக்கு ஆஸ்கர் வாங்கியவர். காமிராவுக்கே அந்த அறையில் நிற்க இடமில்லை. அதனால் மேலேயிருந்தும் மூலையிலிருந்தும் எட்டிப்பார்க்கிறது. நமக்கும் மூச்சு முட்டுகிறது. ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் நகரவேண்டும். கோபம் வந்தால் 'போடி' என்று கதவைச் சாத்திக்கொண்டு போக இன்னொரு அறை கிடையாது. இந்த நெருக்கத்தை வசனத்தில் சொல்லவே முடியாது, இப்படித்தான் காட்டமுடியும்.

சண்டையும் சின்னதாகத்தான் வருகிறது. கிழவரின் அறை ஒரு மியூசியம். உலகம் சுற்றிச் சேர்த்த பொம்மைகள், யானைத் தந்தம், செத்துப்போன சிநேகிதனின் கைகள் ஒரு ஜாடியில். மனைவி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உலகம் என்றால் இப்போதைக்கு அந்த அறைதான். கணவன் உள்ளே வந்து பார்க்கிறான், பீங்கானையெல்லாம் போட்டு உடைக்கிறான். எதற்கு? கிழவர்மேல் சந்தேகமா? இல்லை. தான் காட்டாத உலகத்தை இன்னொருத்தன் காட்டிவிட்டான், அவ்வளவுதான்.

பிறகு பாரிஸ். ரேடியோவில் கேட்டுக் கேட்டு ஏங்கிய ஊர். ஒரு பேச்சுக்கார வியாபாரி வந்து ஆசை காட்ட, அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் பார்க்கப் போய்விடுகிறாள். கணவன் ஆத்திரத்தில் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். திரும்பி வந்தால் படகு இல்லை. வீடு நின்ற இடத்தில் தண்ணீர் நிற்கிறது.

முன்னால் ஒரு தடவை அவள் சொல்லியிருப்பாள்: தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால் நமக்குப் பிரியமானவர் முகம் தெரியும், உன்னை அப்படித்தான் பார்த்தேன் என்று. அவன் அப்போது வாளியில் முகத்தை முக்கி விளையாடுவான். இப்போது நிஜமாகவே கால்வாயில் குதிக்கிறான். தண்ணீருக்கடியில் கல்யாண உடையோடு அவள் மிதந்து சிரிக்கிறாள். எத்தனையோ பேர் எழுதிவிட்ட காட்சி, நான் ஒன்றும் கூட்டப்போவதில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. இந்தக் கதையை எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே எழுதிவிட்டார்!

எங்கள் ஃப்ளாட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் திருநாகேஸ்வரம் கோயில். சேக்கிழார் கட்டியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்த குன்றத்தூர்க்காரர். அவருடைய பெரிய புராணத்தில் திருநீலகண்ட நாயனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் பாகவதர் நடித்த 1939 படம் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். தில்லையில் ஒரு குயவர், அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பவர். பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. சமாதானம் செய்யக் கை நீட்டுகிறார். 'எம்மைத் தொடாதே' என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிடுகிறாள். 'என்னை' என்று சொல்லவில்லை பாருங்கள், 'எம்மை'. பன்மை. அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்கிறார் அவர். அன்றிலிருந்து இருவரும் ஒரே வீட்டில், ஊருக்குத் தெரியாமல், தொடாமல் வாழ்ந்து கிழவன் கிழவி ஆகிறார்கள்.

முடிவும் தண்ணீரில்தான். சிவயோகியாக வந்த இறைவன் கொடுத்து வைத்த ஓடு காணாமல் போகிறது. மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். இருவரும் ஒரு மூங்கில் கழியின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். 'கையைப் பிடி' என்று யோகி விடாப்பிடியாக நிற்க, குயவர் ஊரறியத் தன் கதையைச் சொல்லிவிட்டு மூழ்குகிறார். எழுந்தால் இருவருக்கும் இளமை. சிதம்பரத்தில் அந்தக் குளம் இன்னும் இருக்கிறது, இளமையாக்கினார் கோயில் குளம்.

சின்ன இடம், இரண்டு பேர், ஒரு கோபம், கடைசியில் தண்ணீர். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இருவரிடமும் எனக்குச் சண்டை உண்டு.

விகோவிடம்: மனைவியைக் கிழவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ஒரு பாட்டுக் கடையில் படகுக்காரர்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவரை அற்புதம். அப்புறம் மூட்டை மாதிரி தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்! 'வர்றியாம்மா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விட்டுவிட்டுப் போன கணவனும் மன்னிப்புக் கேட்கவில்லை, சவரம் செய்துகொள்கிறான், அவ்வளவுதான். சேக்கிழாரின் குயவர் ஊர் முன்னால் தன் தப்பை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த வகையில் குன்றத்தூர்தான் ஒரு படி மேல்.

சேக்கிழாரிடம்: அத்தனை வருடங்களை அவர் ஒரு மூச்சில் தாண்டிவிடுகிறார். அதில் ஒரு நாள் எப்படி இருந்தது? சோறு போடும்போது விரல் படாமல் எப்படி வைத்தாள்? காய்ச்சல் வந்தபோது நெற்றியை யார் தொட்டுப் பார்த்தது? பதில் இல்லை. விகோ இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறார். பிரிந்த இருவரும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கட்டிலில், ஒரே இரவில் புரள்வதை மாற்றி மாற்றிக் காட்டுகிறார். இருவர் மேலும் ஒரே மாதிரி புள்ளி புள்ளியாக நிழல் விழுகிறது. 1934-ல் இதை எடுத்தவருக்கு வயது 28. காசநோய். மனைவி லிதுவுக்கும் அதே நோய், இருவரும் சந்தித்ததே சானடோரியத்தில். விநியோகஸ்தர்கள் படத்தை வெட்டி, ஒரு பிரபல பாட்டைச் செருகி, பெயரையும் மாற்றி வெளியிட்டார்கள். அக்டோபரில் விகோ இறந்துபோனார், 29 வயது. ஓரளவு முழுசான வடிவம் 1990-ல்தான் தேறியது.

சின்ன இடம் என்ன செய்யும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டபோது நாங்கள் வரதராஜபுரத்தில் இருந்தோம். கீழ்வீட்டு வயதான தம்பதி எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். பல வருடமாக நேருக்கு நேர் பேசாதவர்கள். 'அவர்கிட்ட சொல்லுங்க', 'அவகிட்ட கேளுங்க'தான். கரண்ட் இல்லாத ஒரே அறையில் நாலு பேர். இரண்டாம் நாள் ராத்திரி டார்ச் லைட்டை அணைக்காமல் வைத்ததற்காக அந்த அம்மா நேராகவே அவரைத் திட்டினார். அவரும் நேராகவே பதிலுக்குக் கத்தினார். நாங்கள் மூச்சுவிடவில்லை. படகு வந்து ஏற்றிக்கொண்டபோதும் சண்டை ஓயவில்லை. அதற்கப்புறம்தான் நாங்கள் மேடு தேடிக் குன்றத்தூர் வந்தோம்.

மனைவியைக் கரையில் நிறுத்தியே நாம் கடல் கதை எழுதியிருக்கிறோம். தகழியின் 'செம்மீன்' 1956-ல் நாவல், 1965-ல் ராமு காரியாட்டின் படம், ஜனாதிபதி தங்கப்பதக்கம். அவன் கடலில் பத்திரமாக இருப்பது கரையில் இருக்கிற அவளுடைய கற்பில் இருக்கிறது என்கிற நம்பிக்கைதான் முதுகெலும்பு. நல்ல படைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை படகைப் பார்க்கவே விடுவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது, யார் சமைக்கிறார்கள் என்று தெரியாது.

அதே கேரளத்தில், திருச்சூர் பக்கம் சேட்டுவாவில் ரேகா என்பவர், வேலைக்கு வந்த ஆட்கள் நின்றுபோனதால் கணவரோடு தானே படகேறினார். ஆழ்கடலில் மீன்பிடிக்க லைசென்ஸ் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2017-ல் அவரை கௌரவித்தது. செய்தித்தாள்கள் 'சாதனைப் பெண்' என்று ஃபோட்டோ போட்டன. எனக்கு ஃபோட்டோ போதவில்லை. அந்தப் படகில் ஒரு முழு நாள் வேண்டும். விடியற்காலை யார் கட்டுச்சோறு பிசைந்தது, வலை சிக்கியதும் யார் யாரைத் திட்டினார்கள், மீன் இல்லாமல் திரும்பும்போது முதலில் பேசியது யார்? நம் டைரக்டர்கள் யாராவது காமிராவோடு அதில் ஏறமாட்டார்களா? மனைவியிடம் சொன்னேன். "எடுக்கட்டும். பாத்ரூமையும் காட்டச் சொல்லுங்க" என்று கீரையைக் கழுவப் போய்விட்டாள்.