மேஜிக் கடை திரும்பினால் போதுமா?

தீம் பார்க்கில் பழைய மேஜிக் கடை திரும்ப வருதுன்னா ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் எது திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டை எடுத்துக்கொள்வோம். 1955ல் பூங்கா திறந்த காலத்திலேயே ஃபேண்டஸிலேண்டில் மெர்லின்ஸ் மேஜிக் ஷாப் இருந்தது. 1983ல் அந்தப் பகுதியைப் புதுப்பித்தபோது அது போய்விட்டது. நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் பதின்வயதில் வேலை பார்த்த கடை அது. மேடைக்கு முன்னால் அவருக்குக் கிடைத்த மேடை அந்தக் கவுண்டர்தான்.

இந்த மாதிரிக் கடைகளில் காலங்காலமாக விற்பது ஸ்வெங்காலி சீட்டுக்கட்டு. பாதிச் சீட்டுகள் ஒரே சீட்டு, அவை மட்டும் நூலிழை குட்டை. ஒரு முனையிலிருந்து சரசரவென்று விட்டால் எல்லாம் வேறு வேறு. இன்னொரு முனையிலிருந்து விட்டால் எல்லாம் ஒன்றே. அவ்வளவுதான் விஷயம். அட்டையில் தொங்கவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒருத்தர் பேசிக்கொண்டே செய்து காட்டினால் கூட்டம் நிற்கும்.

அந்தக் காலத்தில் காசு கொடுத்தவனுக்குத்தான் ரகசியம். இன்றைக்கு அது யூட்யூபில் இலவசம். அப்படியானால் கடைக்கு மிச்சம் இருப்பது அந்தக் கையும் பேச்சும்தான். நிர்வாகம் முதலில் மிச்சம் பிடிப்பதோ அந்த ஆளின் சம்பளத்தில்!

பெயர்ப்பலகையும் மர அலமாரியும் வந்து, கவுண்டருக்குப் பின்னால் ஆள் வரவில்லை என்றால், அது இன்னொரு பொம்மைக் கடை. திரும்பி வந்ததாக நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.