ஹென்றி மான்சினியும் பிக் பேண்டின் பிற்கால வாழ்வும்

டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் ஆகியவற்றை மூன்று அணிகளாக நிறுத்தி, பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றைத் தாளப் பக்கத்தில் சேர்த்து, ஏறத்தாழப் பதினைந்து பேர் எழுதிவைத்த இசையை வாசிக்கும் குழுவே ஜாஸ் உலகில் பிக் பேண்ட் எனப்படுகிறது. 1930களில் அமெரிக்க நடனக் கூடங்களை ஆண்ட இக்குழுக்கள், 1942இல் தொடங்கிய இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவு மறுப்புப் போராட்டத்தாலும், பாடகர்கள் பக்கம் சாய்ந்த மக்கள் ரசனையாலும் நலிந்து, 1946இன் இறுதியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. கலைஞர்கள் பலர் ஹாலிவுட் பதிவுக்கூடங்களில் மாதச் சம்பளத்துக்கோ நாள் கூலிக்கோ அமர்ந்தனர். பிக் பேண்டின் மறுவாழ்வு அங்கேதான் தொடங்கியது.

அந்த மறுவாழ்வின் உச்சம் ஹென்றி மான்சினியின் 'பீட்டர் கன்' இசைத்தட்டு. போருக்குப் பின் கிளென் மில்லர் குழுவில் பியானோ வாசித்த மான்சினி, 1952 முதல் யுனிவர்சல் நிறுவனத்தில் படங்களுக்கு இசையமைத்து, அவ்வேலை பறிபோன 1958இல், இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸின் துப்பறியும் தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைக்க அழைக்கப்பட்டார். தொடரின் முகப்பிசையில் கிடாரும் பியானோவும் கீழ்ச் சுருதியில் ஒரே சிறு ஸ்வரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. கார்டு எனப்படும் ஸ்வர அடுக்கு இறுதிவரை மாறுவதேயில்லை. அந்த அசையாத தளத்தின்மேல் பித்தளைக் கருவிகள் உரசலான ஒலிகளை வெட்டி வெட்டி வீசுகின்றன. இது ஜாஸைவிட ராக் அண்ட் ரோலுக்கே அதிகம் கடன்பட்டது என்று மான்சினியே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜாஸைத் தேடுவோர் 'ஃபால் அவுட்' பகுதியைக் கேட்க வேண்டும்: பேஸ் ஒற்றையாக நடைபோடத் தொடங்க, மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. தாழ்சுருதிப் புல்லாங்குழல்களை மர்மச் சூழலுக்குப் பயன்படுத்தியதும் நடனக் கூடத்துக் குழுக்கள் அறியாத உத்தி. பியானோ வாசித்தவர் ஜான் வில்லியம்ஸ். பின்னாளில் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு இசையமைத்த அதே வில்லியம்ஸ்தான்.

ஆர்சிஏ விக்டர் நிறுவனம் இத்தட்டைப் பதியும் பொறுப்பை முதலில் டிரம்பெட் கலைஞர் ஷார்ட்டி ராஜர்ஸுக்கே அளிக்க முன்வந்தது. இசையமைத்தவரே பதிய வேண்டும் என்று அவர் மறுத்தது அக்காலத்தில் அரிய பெருந்தன்மை. 1959 மே 4 அன்று நடந்த முதல் கிராமி விழாவில், ஃபிராங்க் சினாட்ராவின் இரு தட்டுகளையும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் தட்டையும் பின்தள்ளி, ஆண்டின் சிறந்த இசைத்தட்டு விருதை 'பீட்டர் கன்' பெற்றது; வாத்திய அமைப்புக்கான விருதும் மான்சினிக்கே கிடைத்தது.

தனிக்கலைஞரின் உடனடிக் கற்பனைக்கு 'பீட்டர் கன்' போன்ற இசையில் இடம் குறைவு என்ற தூய்மைவாதிகளின் குறை பொய்யன்று; காட்சியின் நொடிக்கணக்குக்கு எழுதப்படும் இசையில் வாத்தியக்காரர் நினைத்தபடி நீட்டி வாசிக்க முடியாது. ஆயினும் எழுதப்பட்ட ஒலியின் நிறமே பிக் பேண்டின் பாதி உயிர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பழைய பிக் பேண்ட் பாடல்களை மான்சினி மறுபடி அமைத்த 'தி ப்ளூஸ் அண்ட் தி பீட்', 1961இல் பெருங்குழு ஜாஸுக்கான கிராமியை வென்றது. மெருகு மிகுந்தும் துணிவு குறைந்தும் ஒலிக்கும் அத்தட்டு இன்று அதிகம் பேசப்படுவதில்லை. ஜாஸ் பிரிவில் விருது பெறாத 'பீட்டர் கன்' தட்டோ, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணும் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.