தடித்த காம்பு

சிறப்புப் பள்ளியின் ஓவிய வகுப்பில் என் கண் முதலில் போவது தூரிகைகள்மேல்தான். காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, பெருவிரல் கனத்துக்குத் தடிக்க வைத்திருப்பார்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு மெல்லிய காம்பைப் பிடிப்பதிலேயே பாதித் தெம்பு போய்விடும். காம்பு தடித்தால் விரல் இளகும். கோடு தோளிலிருந்து வரும். தாள் நகராதிருக்க நான்கு மூலையிலும் டேப். அவ்வளவுதான். கையைப் பிடித்து வரைய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது டீச்சர் வரைந்த படம்.

முதுமையில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், வான்ஸ் தேவாலய ஓவியங்களுக்காக நீண்ட மூங்கில் கழி நுனியில் கரித்துண்டைக் கட்டி வரைந்தார். அதைச் சலுகை என்றா சொல்கிறோம்?

வகுப்பில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் நீலத்தைத் தொட்டு இழுத்தான். கோடு டேப்பைத் தாண்டி மேசைக்கும் போனது. நிறுத்தவில்லை.