பொதுவியல் மேடையேறியபோது: இகோர் மொய்சேயெவின் ஆடலாக்கம்

சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் வேத்தியல், பொதுவியல் என இருவகைக் கூத்தைச் சுட்டுகின்றன. முன்னது அரசர்க்கு உரியது. பின்னது பொதுமக்களுக்கு உரியது. பொதுவியல் ஆடல் ஒன்று வேத்தியலுக்குரிய பயிற்சியையும் அரங்கையும் அரசின் ஆதரவையும் பெறுமாயின், அதனை எவ்வகையில் அடக்குவது? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவை உலக அரங்கில் எழுப்பியவர் உருசிய நடன அமைப்பாளர் இகோர் மொய்சேயெவ் (1906–2007). அவரை நாட்டுப்புற ஆடலின் காவலர் எனப் போற்றுவது மரபு. அப்புகழுரை அவருடைய உண்மையான சாதனையை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கீவ் நகரில் பிறந்த மொய்சேயெவ், மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கைச் சார்ந்த பள்ளியில் பாலே பயின்று, 1924-இல் அவ்வரங்கின் ஆடற்கலைஞரானார். பாமிர், காக்கேசியம், உக்ரைன், பெலாரூஸ் முதலிய பகுதிகளில் பயணம் செய்து ஊர்மக்களின் ஆடல்களை நேரில் கண்டார். 1937-இல் தம் குழுவை நிறுவினார். தம் 101ஆம் அகவையில் மறையும்வரை அதனோடு பிணைந்திருந்தார். பனிப்போர்க் காலத்தில், 1955-இல் பாரிசிலும் இலண்டனிலும், 1958-இல் அமெரிக்காவிலும் அக்குழு பெரும் வரவேற்பைப் பெற்றது.

அவருடைய நெறி, கண்டதைக் கண்டவாறே மேடையில் நிறுத்துவதன்று. ஊராடலின் ஓர் அசைவையோ தாளத்தையோ வித்தாகக் கொண்டு, பாலே பயிற்சி பெற்ற உடல்களால் அதனை விரித்தெடுப்பதாகும். ‘பார்ட்டிசான்கள்’ என்னும் ஆடலில், நீண்ட கம்பள மேலாடை அணிந்த கலைஞர்கள் குதிரைமீது செல்வோர்போல் மேடையில் வழுக்கிச் செல்வர். கால்களின் நுண்ணிய நடை ஆடைக்குள் மறைந்திருக்கும். காக்கேசிய மக்களின் நடையிலிருந்து பிறந்த இக்காட்சி எந்த ஊரிலும் ஆடப்பட்டதன்று. ‘கால்பந்து’ என்னும் ஆடலோ விளையாட்டுத் திடலையே ஆடற்களமாக்கியது.

‘புல்பா’ இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. புல்பா என்பது பெலாரூஸ் மொழியில் உருளைக்கிழங்கைக் குறிக்கும். அதைப் பற்றிய நாட்டுப்பாடல் அங்கு வழங்கியது. மொய்சேயெவ் அதற்கு ஓர் ஆடலை அமைத்தார். பின்னர் அது பெலாரூஸ் மக்களிடையே பரவி, அவர்தம் நாட்டுப்புற ஆடலாகவே ஏற்கப்பட்டது. ஆக்கியோன் பெயர் மறைந்து படைப்பு மக்களுடையதாவது ஒரு கலைஞர்க்குக் கிடைக்கும் அரிய பேறே. எனினும், மேடையில் பிறந்தது மரபெனத் திரும்பி வரும்போது, ஊரில் முன்பே வழங்கிய எளிய ஆடல்களின் இடம் சுருங்கும் வாய்ப்புண்டு.

ஊராடலில் ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே எல்லை இல்லை. முதியோரும் தாளம் தவறுவோரும் வட்டத்தில் சேர்ந்துகொள்வர், நினைத்தவாறு நிறுத்துவர். அரங்கம் இவற்றை ஏற்பதில்லை. மேலும், சோவியத்து நாட்டில் அச்சுறுத்தல் உச்சத்தில் இருந்த 1937-ஆம் ஆண்டில் தோன்றிய இக்குழு, பல்லின மக்களின் மகிழ்ச்சியான ஒற்றுமையை மேடையில் காட்டியது. கலைத்திறனைப் போற்றுவோர் இம்முரணையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும்.

மாற்றுவழியும் இருந்தது. குரோவாசியாவில் 1949-இல் தோன்றிய ‘லாடோ’ குழு, வட்டார ஆடல்முறையின் இயல்பைப் பேணுவதிலேயே கூடுதல் அக்கறை காட்டியது. கண்ணைப் பறிக்கும் வித்தையில் அது மொய்சேயெவ் குழுவுக்கு ஈடாகாதெனினும், ஊராரின் உடலசைவு அதில் எஞ்சியது.

ஆகவே, மொய்சேயெவை மதிப்பிடுங்கால் இரு அளவுகோல்கள் தேவை. படைப்பாளர் என்ற நிலையில் அவர் ஈடிணையற்றவர். மரபின் சான்றாக அவர் ஆடல்களைக் கொள்ளுதல் பொருந்தாது. நாட்டுப்புற ஆடலைக் கற்பிப்போர், ஊர் தந்தது எது, அமைப்பாளர் சேர்த்தது எது என்பதை மாணவர்க்குப் பிரித்துக் காட்டினால், இருவர்க்கும் உரிய பெருமை நிலைக்கும்.