நிழற்படமும் நற்சொல்லும்

நிழற்படக் கலையின் வேர்களுள் ஒன்று அறபுலக அறிஞர்களின் ஆராய்ச்சியில் ஊன்றியிருக்கிறது. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தம் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலில், சிறு துளைவழியே இருட்டறைக்குள் புகும் ஒளியின் இயல்பை ஆராய்ந்தார். பிற்காலத்தில் அவ்விருட்டறை கைக்குள் அடங்கும் கருவியாகியபோது, உருவம் வரைதல் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இதற்கும் பொருந்துமா என்ற வினா எழுந்தது. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, இது நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் படைத்தலாகாது என வாதிட்டு அனுமதித்தார். வேறு உலமாக்கள் மறுத்தனர். அவ்விவாதத்தை ஈண்டு விரிக்கப் போவதில்லை. எடுத்த படத்தை மக்கள்முன் வைக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

திருவண்ணாமலை, நிழற்படக் கலைஞரை ஈர்க்கும் ஊர். ஏறத்தாழ 2,668 அடி உயர்ந்த மலை, பதினொரு நிலைகளுடன் 217 அடி எழும் கிழக்குக் கோபுரம், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் நடக்கும் மக்கள் வெள்ளம், கார்த்திகைத் தீபம் என அங்குக் கண்ணுக்குக் குறைவில்லை. இன்று படக்கலைஞர் பலர் தம் படைப்புகளை இணையதளத்தில் தொகுத்து வைக்கின்றனர். அத்தகைய தளங்களுள் பலவற்றில் ஒரே குறைதான் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. படம் அழகு, வாசல் இறுக்கம்.

தளம் திறந்ததும் கேளாத இசை முழங்குகிறது. படங்கள் தாமாகவே ஓடுகின்றன. நிறுத்தும் பொத்தான் இல்லை. கருமையின்மேல் மங்கிய சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து. கருவி தந்த எண்ணே படத்தின் பெயராக நிற்கிறது. கருவியிலிருந்து இறங்கிய பல மெகாபைட் கோப்பை அப்படியே ஏற்றியிருப்பதால், பழைய கைப்பேசியில் பார்ப்பவர் காத்திருந்து சலித்துத் திரும்புகிறார். சில நூறு கிலோபைட்டுக்குச் சுருக்கினாலும் திரையில் அழகு குன்றாது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை போலும்.

மதரஸாக்களில் நாம் ஓதும் பலாகா என்னும் அணியியல் கலைக்கு ஓர் உரைகல் உண்டு. சொல் செம்மையாக இருப்பதோடு, கேட்போரின் நிலைக்கு ஏற்றதாகவும் அமைதல் வேண்டும். இதனை ‘முக்தளல் ஹால்’ என்பர். எவ்வளவு இனிய சொல்லாயினும் கேட்பவரின் நிலைக்குப் பொருந்தாவிடில் அது பலாகா ஆகாது. இணையதளத்தையும் இவ்வுரைகல்லில் தேய்த்தே மாற்றுக் காணல் வேண்டும்.

கேட்போர் யாவர்? மகளின் நிக்காஹுக்குப் படக்கலைஞரைத் தேடும் தந்தை ஒருவர். அவருக்கு வேண்டுவன, வேலையின் மாதிரி, ஊர், கட்டணம், தொலைபேசி எண், பெண்கள் பகுதியில் படமெடுக்கப் பெண் கலைஞர் உண்டா என்ற செய்தி ஆகியவை. இவை முதற்பக்கத்திலேயே கிட்ட வேண்டும். அதே தந்தை, தம் வீட்டுப் பெண்களின் முகம் நாளை இத்தளத்தில் விளம்பரமாகுமோ என்றும் அஞ்சுவார். வாடிக்கையாளரின் படம் அமானிதம். இசைவு பெற்ற படங்களையே காட்டுவேன் என்று ஒரு வரி எழுதிவைக்கும் கலைஞர் அவர் நெஞ்சை வெல்வார்.

பார்வையற்றவரும் கேட்போருள் ஒருவரே. ‘நிழற்படத்தில் பார்வையற்றவருக்கு என்ன வேலை?’ என்று வினவுவோர் உளர். குர்ஆனின் எண்பதாம் அத்தியாயம் இறங்கிய வரலாற்றை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக. பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தபோது, குறைஷித் தலைவர்களிடம் உரையாடிக்கொண்டிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவனம் விலகியதைச் சுட்டியே அது இறங்கிற்று. பின்னர் மதீனாவில் அவர் முஅத்தினாகவும், நபியவர்கள் வெளியே சென்ற வேளைகளில் பொறுப்பாளராகவும் அமர்த்தப்பட்டார். ஃபஜ்ரு வெளுத்துவிட்டது என்று மக்கள் சொன்ன பின்னரே அவர் பாங்கு சொல்வார் என ஹதீஸ் கூறுகிறது. விடியலின் ஒளியைக் கண்ணுள்ளவர் சொல்லாக்கினர். அச்சொல்லைக் கொண்டு கண்ணில்லாதவர் ஊரையே எழுப்பினார். ஒளியைச் சொல்லால் ஒப்படைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இன்று அப்பணியைச் செய்வது, படத்தோடு மறைவாக எழுதி வைக்கும் மாற்றுரை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதனை உரக்கப் படிக்கும். அவற்றுள் என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைப்பது; தமிழையும் படிக்க வல்லது. ஆயின் தமிழ் ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். படத்துக்குள் பொறித்த எழுத்தை அது எழுத்தாக அறியாது.

மாற்றுரையும் படக்குறிப்பும் வேறு வேறு. 1947இல் மேக்னம் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரசோன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் தங்கி, இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு மகரிஷி மறைந்தபோதும் அவ்வூரிலேயே இருந்தார். இடமும் ஆண்டும் போதும் என்பது அவருடைய குறிப்பு வழக்கம். அவ்வளவேனும் எழுதியதால்தான், எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அப்படங்கள் சான்றாக நிற்கின்றன. எனினும் இடமும் ஆண்டும் காண்பவருக்கே போதும்; காணாதவருக்குப் படத்தின் உள்ளடக்கம் வேண்டும். ‘தீபம்’ என்று மட்டும் எழுதுவது போதாது. ‘அந்தி வேளை, மலையுச்சியில் சிறு சுடர், கீழே கூரைகளின்மேல் நின்று மக்கள் அதை நோக்குகின்றனர்’ என எழுதினால் படம் வாய்திறக்கும். ஊரின் பெயரைத் தமிழிலும், ஆங்கிலத்தில் வழங்கும் இருவகை எழுத்துக்கூட்டலிலும் தருதல் தேடுவோருக்கும் உதவும்.

இவை கருணையாற் செய்யும் சலுகைகள் என எண்ணற்க. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட அணுகல் நெறிகள் 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாடேனும் வேண்டும். மூன்று வினாடிக்குமேல் தானே ஒலிக்கும் இசையை நிறுத்த வழி வேண்டும். தானே தொடங்கி ஐந்து வினாடிக்குமேல் ஓடும் படவரிசைக்கும் அவ்வாறே என்பன அவற்றுள் சில. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உண்டு. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவைகளை அணுகுதல் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது.

படக்கலைஞர் ஒளியை அறிந்தவர், அதில் ஐயமில்லை. படம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதும் பொறுமையையும் அவர் பழகிக்கொள்வாராயின், அவர் தளம் திருவண்ணாமலைக்கு வந்தவருக்கும், வர இயலாதவருக்கும், வந்தும் காண இயலாதவருக்கும் ஒருசேரத் திறந்திருக்கும். அவ்விரண்டு வரியை எழுதாத வரையில், எத்துணைச் சிறந்த தொகுப்பாயினும் அது பாதி முடிந்த வேலையே.