விசா போட்ட கோடு

2009 ஜனவரியில் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சோம்தேவ் தேவ்வர்மனை மறந்திருக்க மாட்டார்கள். வைல்ட் கார்டில் நுழைந்தவர், கார்லோஸ் மோயாவையும் இவோ கார்லோவிச்சையும் சாய்த்து, சென்னை ஓபன் இறுதிப்போட்டி வரை வந்தார். திடீரென முளைத்தவர்போல்தான் பலருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் தேறியது அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 என அடுத்தடுத்து தேசிய ஒற்றையர் பட்டம். முதல் பட்டத்துக்கு ஜான் இஸ்னரை, அதுவும் இஸ்னரின் சொந்தக் கோட்டையான ஜார்ஜியாவில், மூன்றாம் செட் டைபிரேக்கில் வீழ்த்தினார். பரிசுப்பணம்? கோப்பையும் கைதட்டலும்தான்.

அன்றைய விதி அது. அங்கே கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ., 1950களில் ‘மாணவ வீரர்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டது. கேட்க மங்கலமாகத்தான் இருக்கிறது. காயம்பட்ட வீரர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்டு வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிறந்த சொல் என்பதை, அமைப்பின் முதல் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸே ஓய்வுபெற்ற பிறகு எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார்.

‘படிப்புச் செலவைக் கல்லூரி பார்த்துக்கொள்கிறதே, போதாதா?’ நியாயமான கேள்விபோல்தான் தோன்றும். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் கூடைப்பந்துப் பட்டம் வென்றபோது அணியின் நாயகன் ஷபாஸ் நேப்பியர். சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாக அவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்தத் தொடரின் ஒளிபரப்பு உரிமையோ ஆயிரம் கோடி டாலருக்கு மேல் விலைபோயிருந்தது. வீரர்களுக்குக் கல்லூரி தரும் சோற்றுக்கு இருந்த வரம்பு அதே மாதம் தளர்ந்தது.

பணம் இல்லாமலா போயிற்று? 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பாதியில் அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். பயிற்சி தராமல் வீட்டில் இருப்பதற்கு! ஆடும் பையனுக்குப் பத்து டாலர் கொடுத்தால் விளையாட்டின் தூய்மை கெடும் என்றவர்கள் இதற்கு முகம் சுளிக்கவில்லை.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த வரம்பை 9-0 என்று உடைத்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் இன்னும் ஒரு படி: வேறொரு வழக்கின் சமரசத்தின் பேரில், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். ஃபிஷருக்கான தொகையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த வீரர்களுக்கும் மூன்றரை ஆண்டு கொடுத்திருக்கலாம்!

சம்பாதிக்கட்டும் என்பதுதான் என் கட்சி. காலம் கடந்து வந்த நியாயம் இது. பங்கில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போவது உறுத்துகிறது. வருமானம் கொண்டுவரும் ஆட்டத்துக்குக் கூடுதல் பங்கு என்பதையாவது வாதிட்டு நிறுவலாம். வாதிடவே முடியாதது ஒன்று இருக்கிறது.

கனடாவிலிருந்து வந்த ஏழடி நாலங்குல சாக் ஈடி, பர்டியூ பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2023, 2024 இரண்டு ஆண்டும் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர் விருதுகளை வாரிக்கொண்டார். சக வீரர்கள் விளம்பரங்களில் சிரித்துக் காசு பார்த்தபோது அவரால் அப்படிச் சம்பாதிக்க முடியவில்லை. காரணம் மாணவர் விசா. அதில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் வேலை பார்க்கக் கடும் கட்டுப்பாடு. விளம்பரத்தில் தோன்றுவதும் வேலைக் கணக்கில் சேரக்கூடும். கல்லூரி டென்னிஸிலோ வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏராளம். சோம்தேவ் இன்று ஆடியிருந்தால் அவரும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருப்பார்.

டென்னிஸ் உதவித்தொகையில் பிள்ளையை அங்கே அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ராக்கெட் கம்பெனியோ டி-ஷர்ட் கடையோ காசு நீட்டினால், கையெழுத்துப் போடும்முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பயிற்சியாளரின் வாய்வார்த்தை குடியேற்றத் துறையிடம் செல்லாது.